மாடி டேங்கில் தண்ணீர் எவ்வளவு? படி ஏறாமல் பார்க்க நாமே செய்துகொள்ளும் கருவி

12 மார்ச் 2023 (வந்த கேள்வி)

"மொட்டை மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க். மோட்டார் போட்டுவிட்டு மறந்துபோய், பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் தண்ணீர் வழிந்து பேச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன். தூரம் அளக்கும் ஹெச்.சி.எஸ்.ஆர்.04 சென்சார் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது, புரோகிராம் எழுதி ஓட்டும் ஆர்டுயினோ போர்டு ஒன்றும் வீட்டில் சும்மா கிடக்கிறது. மூடியில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்கிறான் பாலிடெக்னிக் படிக்கும் மைத்துனன். முடிந்துவிடுமா?"

12 மார்ச், இரவு

மேசை மேல் முடிந்துவிடும். டேங்குக்குள் முடியாது.

அந்த சென்சாரில் இரண்டு வட்டக் கண்கள் இருக்கும். ஒன்று 40 கிலோஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும், மற்றது எதிரொலியைக் கேட்கும். 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை அளக்கும், கணக்கும் சுலபம்: எதிரொலி திரும்பி வந்த மைக்ரோவிநாடியை 58ஆல் வகுத்தால் செ.மீ. வந்துவிடும். பிரச்சினை என்னவென்றால் அந்தக் கண்கள் திறந்தவை, முன்னால் வெறும் கம்பி வலைதான். டேங்க் மூடிக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், வெயில் ஏறிய நேரத்தில் மூடியின் உள்பக்கம் முழுக்க நீர்முத்து கோத்திருக்கும். அந்தக் காற்றில் சில வாரம் இருந்தால் வலை வெள்ளை பூத்து, பின்பக்க போர்டில் பச்சை பிடித்து, ஒருநாள் சென்சார் உளற ஆரம்பிக்கும். ஒரேயடியாகச் செத்தால்கூடப் பரவாயில்லை. பாதி நேரம் சரியாகச் சொல்லும், மீதி நேரம் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

அதற்கு முன்னால் ஒன்று. உங்களுக்கு வேண்டியது அளவா, அல்லது வழியாமல் இருந்தால் போதுமா? வழியாமல் இருந்தால் போதும் என்றால் சென்சாரும் வேண்டாம், ஆர்டுயினோவும் வேண்டாம். ஒரு கேபிள் ஃப்ளோட் (தண்ணீர் தூக்கினால் மாறும் மிதவை சுவிட்ச்) வாங்கி மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்த்துவிடச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. இங்கேயே படிப்பதை நிறுத்திவிடலாம்.

13 மார்ச்

நிறுத்த மாட்டார் போலிருக்கிறது. "எத்தனை லிட்டர் என்று போனில் பார்க்க வேண்டும்" என்கிறார். சரி, ஆசை வந்துவிட்டது.

17 மார்ச்

இன்னொருவர் வேறு யோசனை சொல்கிறார்: டேங்குக்குள் நான்கைந்து கம்பிகளை வெவ்வேறு உயரத்தில் தொங்கவிட்டு, தண்ணீர் தொட்டால் எல்.இ.டி. எரியும்படி செய்வது. யு.எல்.என்.2003 ஐ.சி. ஒன்று, அல்லது பி.சி.547 டிரான்சிஸ்டர்கள் கொஞ்சம். எலெக்ட்ரானிக்ஸ் படித்த எல்லோரும் இதைச் செய்து கண்காட்சியில் வைத்திருப்போம். வேலை செய்யும், மலிவு, புரோகிராம் எழுத வேண்டியதில்லை. ஆனால் எப்போதும் நேர்மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தால் தண்ணீரில் மின்பகுப்பு நடக்கும். பாசிட்டிவ் பக்கக் கம்பி கரைந்து தண்ணீரோடு போகும், நெகட்டிவ் பக்கத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும், அது ஹைட்ரஜன். செம்புக் கம்பி என்றால் முனையில் பச்சை பூத்து, கொஞ்ச நாளில் பென்சில் சீவியதுபோல் ஆகிவிடும். அந்தத் தண்ணீரில்தான் நாம் வாய் கொப்பளிக்கிறோம்.

இதே முறையை உருப்படியாகச் செய்யவும் வழி உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி (304 தரம் போதும்) போடுங்கள், கரன்ட்டைத் தொடர்ந்து கொடுக்காமல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சில மில்லிவிநாடி மட்டும் விடுங்கள், அடுத்த முறை திசையை மாற்றி விடுங்கள். போர் தண்ணீர் என்றால் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில், அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக்கின் மேல் உப்பு படிந்து அதுவே பாலம் போட்டுவிடும், டேங்க் காலியாக இருந்தாலும் "நிறைந்திருக்கிறது" என்று காட்டும். லாரித் தண்ணீர், குடிநீர்க் குழாய்த் தண்ணீர் வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு.

தண்ணீரில் கரன்ட் விடுகிறார்களாமே என்று எங்கள் மேல்வீட்டு அத்தைக்குக் கவலை. 5 வோல்ட் ஒன்றும் செய்யாது. கவலைப்பட வேண்டியது அந்த 5 வோல்ட்டைக் கொடுக்கும் அடாப்டரைப் பற்றி. தெருவோரத்தில் எழுபது ரூபாய்க்கு விற்பதில் 230 வோல்ட்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே உள்ள பிரிப்பு நம்பும்படி இருக்காது. தண்ணீரைத் தொடும் எதற்கும் நல்ல அடாப்டர், வீட்டு லைனில் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), இரண்டிலும் கஞ்சத்தனம் கூடாது.

26 மார்ச்

என் வீட்டு மாடியில் என்ன இருக்கிறது என்று கேட்டதால் எழுதுகிறேன். இருப்பது சென்னையில், பள்ளிக்கரணை பக்கம். தரையில் சம்ப் தொட்டி, மாடியில் டேங்க், ஒரு ஹெச்.பி. மோட்டார்.

முதலில் ஜே.எஸ்.என்.எஸ்.ஆர்.04டி போட்டேன். கார் பின்பக்க பம்பரில் இருக்குமே, அதே மாதிரி மூடிய ஒற்றைக் கண். நீண்ட வயரில் கண் மட்டும் டேங்குக்குள் போகும், போர்டு வெளியே உலர்ந்த பெட்டியில் இருக்கும். ஈரத்துக்கு இது தாங்கும். ஆனால் ஒரே கண் கத்தவும் வேண்டும், கேட்கவும் வேண்டும். கத்திய அதிர்வு அடங்குவதற்குள் வந்துவிடும் எதிரொலி அதற்குக் கேட்காது. அதனால் முன்னால் 20 முதல் 25 செ.மீ. வரை குருட்டு இடம். டேங்க் நிரம்பும் நேரத்தில், அதாவது உண்மையிலேயே தகவல் வேண்டிய நேரத்தில், தண்ணீர் அந்தக் குருட்டு இடத்துக்குள் வந்துவிடும்.

இதற்குச் சிலர் மூடியில் நான்கு அங்குல பி.வி.சி. துண்டை நிறுத்தி அதன் உச்சியில் சென்சாரை வைக்கிறார்கள். குழாய் வாய் டேங்குக்குள் முடியும் இடத்திலேயே விளிம்பிலிருந்து ஒரு எதிரொலி வரும், தண்ணீரை விட்டுவிட்டு அதை அளந்துகொண்டிருக்கும். விளிம்பைச் சாய்வாக வெட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குறையும். நான் அந்த வம்பே வேண்டாம் என்று ஏ02ஒய்.ஒய்.யு.டபிள்யூ. என்று ஒன்று வாங்கி மாட்டிவிட்டேன். பெயர் ரேஷன் கார்டு எண் மாதிரி இருந்தாலும் குருட்டு இடம் வெறும் 3 செ.மீ.தான், சீரியல் லைனில் மில்லிமீட்டராகவே எண் கொடுக்கும், 3.3 வோல்ட்டிலும் ஓடும். விலை அதிகம். அந்தக் காசு வீண் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூளைக்கு வை-ஃபை உள்ள இ.எஸ்.பி.8266 போர்டு. ஜே.எஸ்.என். போட்டு 5 வோல்ட் கொடுப்பவர்கள் கவனிக்க: சென்சாரின் எதிரொலிக் காலில் (பின்னில்) 5 வோல்ட் வரும், இ.எஸ்.பி. காலுக்கு 3.3தான் தாங்கும். ஒரு 1 கிலோஓம், ஒரு 2 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்துப் பிரித்தால் 3.33 வோல்ட் கிடைக்கும்.

ஒரே அளவீட்டை நம்பாதீர்கள். ஏழு முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு கிறுக்கு எண் மொத்தத்தையும் இழுத்துப்போட்டுவிடும், நடு எண் அசையாது. குழாயிலிருந்து தண்ணீர் விழும்போது மேற்பரப்பு அலைபாயும் நேரத்தில்தான் இதன் அருமை தெரியும்.

2 ஏப்ரல்

"சென்டிமீட்டரை லிட்டராக்குவது எப்படி?"

நேர்ச்சுவர் உருளை என்றால் பள்ளிக்கூடக் கணக்கு. உள்விட்டம் 1.1 மீட்டர் என்றால் பரப்பு 0.95 சதுர மீட்டர், ஒரு செ.மீ. உயரத்துக்கு ஒன்பதரை லிட்டர். ஆனால் உங்கள் டேங்கின் உடம்பில் வளையம் வளையமாகப் புடைப்பு இருக்கும், தோள் குறுகும், அடி கொஞ்சம் வயிறு வைத்திருக்கும். சரிபார்க்க வேண்டும் என்றால் மாடிக் குழாயிலிருந்து 20 லிட்டர் கேனைப் பிடித்துப் பிடித்துச் செடிக்கு ஊற்றி, ஒவ்வொரு கேனுக்கும் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கேனுக்கு இரண்டு செ.மீ.யைச் சுற்றி வந்தால் சரி.

இன்னொன்று, டேங்கிலிருந்து வெளியேறும் குழாய் அடியிலிருந்து நான்கைந்து விரல் மேலேதான் இருக்கும். அதற்குக் கீழே உள்ளது உங்களுக்கு வராத தண்ணீர். பூஜ்யத்தை அங்கே வையுங்கள். இல்லாவிட்டால் திரையில் 6 சதவீதம் என்று காட்டும், குளியலறையில் சோப்பு நுரையோடு ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

3 ஏப்ரல்

லேசர் சென்சார் (வி.எல்.53எல்.0எக்ஸ்.) பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். தெளிந்த தண்ணீரில் ஒளி உள்ளே போய்விடும், எதிலிருந்து திரும்பி வந்தது என்று அதற்கே தெரியாது. கலங்கிய தண்ணீரில் நன்றாக அளக்கும், ஆனால் அதற்காகக் கலங்கலை வரவழைக்க முடியாது.

21 மே

அக்னி நட்சத்திரம். மத்தியானம் யாரும் மோட்டார் போடவில்லை, லாரி வரவில்லை, டேங்கில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்கிறது திரை. இருபது லிட்டருக்கு மேல். சாயங்காலம் அது தானே இறங்கிவிடுகிறது.

காற்றில் ஒலியின் வேகம் சூட்டோடு ஏறும், ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர். 25 டிகிரியில் 346 மீட்டர், 40 டிகிரியில் 355. எதிரொலி சீக்கிரம் திரும்பிவிடுகிறது, நம் 58 கணக்கு அதைத் தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறது. சென்சாருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருந்தால் இந்த 15 டிகிரி வித்தியாசம் இரண்டரை செ.மீ.க்குச் சற்று மேல் வரும், அதாவது வெயில் நமக்கு ஊற்றியதாகக் காட்டுவது ஏறக்குறைய 25 லிட்டர். டேங்க் நிறைந்திருந்தால் இடைவெளியே சில செ.மீ.தான், பிழையும் தெரியாது. காலியாகும்போதுதான் விளையாட்டு.

டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்றை மூடிக்கு அடியில் தொங்கவிட்டுத் திருத்தலாம். முழுக்கத் திருந்தாது, ஏனென்றால் மூடிக்கு அடியில் கொதிக்கும், தண்ணீருக்கு மேலே குளிர்ந்திருக்கும், நடுவே எந்த இடத்துச் சூட்டை எடுப்பது? சென்சாரைப் பாதி உயரத்தில் தொங்கவிட்டு அத்தோடு விட்டுவிட்டேன். குளிக்கிற தண்ணீருக்கு இது போதும், ஆய்வகம் நடத்தவில்லை.

9 ஜூன்

திடீரென்று "தூரம் 4 செ.மீ." என்றே சொல்லிக்கொண்டிருந்தால் டேங்க் நிறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், மூடியைத் திறந்து பாருங்கள். சென்சார் முகத்துக்குக் குறுக்கே சிலந்தி வலை பின்னி, அதில் ஈரம் கோத்துக்கொண்டிருக்கும். வெளிப் பெட்டியில் எறும்பு, வயர் நுழையும் ஓட்டையில் குளவி மண். வயரைச் சுற்றி இறுகும் கேபிள் கிளாண்டு போட்டு இறுக்குங்கள். எம்-சீல் அப்பினால் பிறகு திறக்க உளி வேண்டும்.

25 ஜூன்

வை-ஃபை கிடைக்கவில்லை என்று மூன்று பேர் ஒரே புலம்பல். கீழ்த்தளத்தில் ரௌட்டர், நடுவே இரண்டு கான்கிரீட் தளம், மேலே தகர மூடியோடு ஒரு பெட்டி, அதற்குள் இ.எஸ்.பி. எப்படிக் கிடைக்கும்? தகரப் பெட்டியை முதலில் தூக்கிப் போடுங்கள், பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். போர்டை டேங்க் பக்கத்தில் வைத்தே ஆக வேண்டும் என்று இல்லை, மாடிப்படி முடியும் அறைக்குள் வைத்து வயரை மட்டும் டேங்குக்குக் கொண்டுபோகலாம். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, பிளக் பாயின்ட்டும் அங்கேயே இருக்கும். சீரியல் லைன் சென்சார் என்றால் பத்துப் பதினைந்து அடி நீட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை, எனக்கு அப்படித்தான் ஓடுகிறது.

திண்டுக்கல் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர், வீட்டுக்கும் தொட்டிக்கும் அரை கிலோமீட்டருக்கு மேல் என்கிறார். அவருக்கு வை-ஃபை பேச்சே வேண்டாம், லோரா மாட்யூல் (தொலைதூரத்துக்குத் தகவல் அனுப்பும் ரேடியோ) ஒரு ஜோடி வாங்கலாம். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை இடம் இருக்கிறது, வாங்கும்போது அந்த அலைவரிசைக்கு உரியதுதானா என்று கேட்டு வாங்குங்கள். 915 என்று அச்சிட்டது மலிவாகக் கிடைக்கும், அது அமெரிக்காவுக்கு. சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார்கள். ஒன்று இல்லை.

16 ஜூலை

இதைக் கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டும்.

"டேங்க் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் மோட்டார் தானாக ஓடட்டும், 95 வந்தால் நிற்கட்டும். சென்சார்தான் இருக்கிறதே, ஒரு ரிலே (போர்டு சொன்னால் மாறும் மின் சுவிட்ச்) வைத்தால் போதாதா?" இது கேட்டவர் ஒருவர் இல்லை, இந்தக் கேள்வி-பதில் இழையில் பாதிப் பேரின் மனசில் இருப்பது இதுதான்.

சென்சாரை மோட்டாருக்கு எஜமானாக்காதீர்கள் என்பது என் கட்சி. சிலந்தி வலை கதையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சென்சார் வயர் அறுந்து, புரோகிராம் அதை "தூரம் அதிகம், டேங்க் காலி" என்று எடுத்துக்கொண்டால் நடுராத்திரி இரண்டு மணிக்கு மோட்டார் ஓடும். டேங்க் வழியும், சம்ப் வற்றும், பிறகு தண்ணீரில்லாமல் மோட்டார் சுற்றி சீல் கருகும். காலையில் எழுந்து பார்க்கும்போது சம்ப்பும் காலி, மோட்டாரும் காலி. ஒரு லாரித் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி. சென்சார் சொல்லும், மனிதர் போடுவார். நிறுத்துவதை மட்டும் தானியங்கிக்கு விட்டிருக்கிறேன். அதிலும் கடைசி வார்த்தை ஃப்ளோட்டுடையது. புரோகிராம் தொங்கினாலும், இ.எஸ்.பி. செத்தாலும், ஃப்ளோட் தூக்கினால் மோட்டார் நிற்க வேண்டும்.

ஸ்டார்ட்டரில் பச்சை, சிவப்பு பட்டன் இருக்கிறவர்களுக்கு இது எளிது. பச்சை அழுத்தினால் சேரும் சுவிட்ச், சிவப்பு அழுத்தினால் பிரியும் சுவிட்ச், கான்டாக்டர் (காயிலில் கரன்ட் பாய்ந்தால் சேரும் பெரிய சுவிட்ச்) தன் காயிலைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். சிவப்போடு தொடராக ஃப்ளோட்டைப் போட்டால் நிறைந்ததும் காயில் விடுபடும். மட்டம் இறங்கி ஃப்ளோட் மறுபடி சேர்ந்தாலும் மோட்டார் தானாக ஓடாது, யாராவது பச்சையை அழுத்த வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான். காயில் 230 வோல்ட் என்றால் ஃப்ளோட் கேபிளிலும் அதே 230 டேங்குக்குள் போகும், பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. நடுவே 12 வோல்ட் ரிலே வைத்துப் பிரித்திருக்கிறேன். டேங்க் நிறையாதவரை அந்த ரிலே இழுத்துப் பிடித்திருக்கும். எலி வயரைக் கடித்தாலும் ரிலே விடும், மோட்டார் நிற்கும்.

அந்த நீல நிறக் குட்டி ரிலேயில் 10 ஆம்ப் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மோட்டாரையே நேரடியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஐந்து ஆறு ஆம்ப்தான் இழுக்கும், ஆனால் கிளம்பும் நொடியில் அதைப் போல் பல மடங்கு. உள்ளே இருக்கும் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பிறகு நீங்கள் ஆயிரம் முறை "நிறுத்து" என்று கட்டளை கொடுத்தாலும் எல்.இ.டி. மட்டும் அணையும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். குட்டி ரிலே கான்டாக்டர் காயிலை இழுக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இழுக்கட்டும். 230 பக்கத்து வேலையை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள், நான் எழுதியதை அவரிடம் காட்டுங்கள், அவர் திட்டினால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

18 ஜூலை

"வீட்டில் வயதானவர்கள் மட்டும்தான், யார் பச்சையை அழுத்துவது?"

நியாயமான கேள்வி. அப்படியென்றால் தானாக ஓடட்டும், ஆனால் கட்டுப்பாட்டோடு: காலை 6 முதல் இரவு 9 வரை மட்டும், சம்ப்பிலும் ஒரு ஃப்ளோட், அது தண்ணீர் இருக்கிறது என்றால்தான், ஒருமுறை ஓடினால் அதிகபட்சம் இத்தனை நிமிடம் என்று ஒரு கெடு, ஓட ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் மாடி மட்டம் ஏறவில்லை என்றால் நிறுத்திவிட்டு மணி அடிக்கட்டும். ஜூலை 16ல் எழுதியதை இந்த அளவுக்குத் தளர்த்திக்கொள்கிறேன். ஃப்ளோட் விஷயத்தில் தளர்வு இல்லை.

27 ஆகஸ்ட்

சதவீதத்தைப் பார்ப்பதை நான் ஏறக்குறைய விட்டுவிட்டேன். மட்டம் ஏறி இறங்குவதைக் காட்டும் வரைபடக் கோட்டைத்தான் பார்க்கிறேன்.

ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளில் அளவுகள் சேர்ந்துகொண்டே வந்தன. ராத்திரி ஒரு மணி முதல் நான்கு மணிவரை வீட்டில் யாரும் குழாய் திறப்பதில்லை, கோடு தட்டையாகக் கிடக்க வேண்டும். எங்கள் வீட்டில் சரிந்தது. மணிக்கு அரை செ.மீ.க்கும் கொஞ்சம் கூட. கேட்டால் சின்னது, லிட்டரில் மணிக்கு ஐந்து, ஒரு நாளைக்கு ஆறு குடத்துக்கு மேல். எங்கும் சொட்டுச் சத்தம் இல்லை, சுவரில் ஈரம் இல்லை. ஒரு ராத்திரிக்கு ஒரு குளியலறை கேட் வால்வு என்று மூடிப் பார்த்ததில், மாடிக் குளியலறையை மூடிய இரவில் கோடு படுத்துவிட்டது. ஃப்ளஷ் டேங்கில் நாலு சொட்டு நீலம் விட்டோம், துணிக்குப் போடும் அதே சொட்டு நீலம். யாரும் அழுத்தாமலே கொஞ்ச நேரத்தில் கழிவறைப் பேசினுக்குள் நீலக் கோடு இறங்கி வந்தது. அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் இறுகிப்போயிருக்கிறது. பிளம்பர் மாற்றிவிட்டார்.

அதே கோடு இன்னொன்றும் சொன்னது. மோட்டார் போட்டால் நிமிடத்துக்கு நான்கு செ.மீ. ஏறிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல இரண்டரைக்கு வந்திருந்தது. தினம் மோட்டார் போடுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, "இன்னிக்கு கொஞ்சம் நேரமாச்சு" என்று போய்விடுவோம். சம்ப்பில் உறிஞ்சு குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு வலையில் பாலித்தீன் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது.

போனில் கோடு பார்ப்பதெல்லாம் எனக்குத்தான். மனைவி அந்த ஆப்பை ஒருமுறைகூடத் திறந்ததில்லை. சமையலறைச் சுவரில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு வைத்த பிறகுதான் "இப்பத்தான் இது உருப்படியா இருக்கு" என்று சொன்னாள். இத்தனை மாத வேலைக்குக் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் மூன்று விளக்குக்கு.

8 அக்டோபர்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: கிணற்றுத் தண்ணீர், சுண்ணாம்பு அதிகம், உயரமான சிமென்ட் தொட்டி, மேலே ஏறி எதையும் பொருத்த வழியில்லை, அழுத்தத்தை வைத்து அளக்கலாமா?

அளக்கலாம். ஒரு மீட்டர் தண்ணீர் என்றால் 9.8 கிலோபாஸ்கல், சூட்டுக்கும் சிலந்திக்கும் அசையாது. தொட்டியின் அடிக்குழாயிலேயே ஒரு டீ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போட்டு அழுத்த சென்சாரைப் பொருத்தலாம், ஆனால் யாராவது குழாய் திறந்தால் ஓட்டத்தில் அழுத்தம் விழும், யாரும் திறக்காத நேரத்து எண்ணைத்தான் நம்ப வேண்டும். அடியில் சுண்ணாம்பு சேரும், டீயை நிமிர்த்தி வையுங்கள், நடுவே ஒரு வால்வு போட்டால் கழற்றிக் கழுவ வசதி.

தொட்டிக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் தொழிற்சாலை ரக சென்சார் உண்டு, 4 முதல் 20 மில்லிஆம்ப் கொடுக்கும். ஒரு 150 ஓம் வழியாக விட்டால் 0.6 முதல் 3 வோல்ட், போர்டு படித்துக்கொள்ளும். அதன் கேபிளுக்குள் மெல்லிய காற்றுக் குழாய் ஒன்று வரும், அதை அடைத்துவிடாதீர்கள், தண்ணீர் போகாத இடத்தில் திறந்து வையுங்கள். அடைத்தால் வெளிக்காற்றின் அழுத்த மாற்றமெல்லாம் தண்ணீராகத் தெரியும். 10 ஹெக்டோபாஸ்கல் மாறினால் பத்து செ.மீ. தப்பு.

மலிவு வழி: தொட்டி அடிவரை ஒரு நைலான் குழாய், மேல் முனையில் எம்.பி.எக்ஸ்.5010. உள்ளே சிக்கிய காற்று அழுத்தத்தைச் சொல்லும். அந்த சென்சாருக்கு 10 கிலோபாஸ்கல்தான் உச்சம், ஒரு மீட்டர் தொட்டிக்குச் சரியாகப் போகும், உங்கள் உயரத் தொட்டிக்குப் பற்றாது. சிக்கிய காற்று நாள்பட நாள்படத் தண்ணீரில் கரைந்து குறையும், எண்ணும் சேர்ந்து சரியும், மீன்தொட்டி ஏர் பம்ப் வைத்து அவ்வப்போது ஊதிவிட வேண்டும்.

10 டிசம்பர்

கரன்ட், நெட் இரண்டும் இப்போதுதான் ஒழுங்காக வருகிறது.

மிக்ஜாம் புயல் மழை எங்கள் தெருவையும் விடவில்லை. 4ஆம் தேதி காலை வாசலில் முழங்கால் அளவு தண்ணீர், கரன்ட் போய்விட்டது. ரௌட்டரும் மாடி, சம்ப் இரண்டின் சென்சார்களும் இன்வெர்ட்டரில் இருந்ததால் வீட்டுக்குள் கோடு மட்டும் வந்துகொண்டிருந்தது. சம்ப் மட்டம் ஏறுகிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரமில்லை, லாரி வரவே முடியாது, மூடி போட்டிருக்கிறது, ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாகத் தெருத் தண்ணீர் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கடையும் சேர்ந்த தண்ணீர்.

உடனே செய்தது ஒன்றுதான்: மோட்டார் எம்.சி.பி. சுவிட்ச்சை இறக்கி டேப் ஒட்டிவிட்டோம், கரன்ட் வந்ததும் யாராவது பழக்கதோஷத்தில் பச்சையை அழுத்தி அந்தத் தண்ணீரை மாடிக்கு ஏற்றிவிடக் கூடாது என்று. மேல் டேங்கில் இருந்தது மட்டுமே நல்ல தண்ணீர், எத்தனை லிட்டர் என்று தெரிந்ததால் இரண்டு வீட்டுக்கும் பிரித்துக்கொள்ள முடிந்தது. மேல்வீட்டு அத்தை இப்போது என்னைக் கேட்காமல் மூன்று விளக்கைத்தான் கேட்கிறார்.

பிறகு சம்ப்பை முழுக்க இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி கழுவினோம். புரோகிராமில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: உள்வரும் குழாயில் ஓட்டம் இல்லாமல் சம்ப் மட்டம் ஏறினால் சிவப்பு விளக்கு மின்னும், பஸ்ஸர் அடிக்கும், மோட்டார் ரிலே விடுபடும். ஓட்டம் தெரிய உள்குழாயில் ஒரு ஃப்ளோ சென்சார். மட்டம் அளக்கும் சென்சாருக்குத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று தெரியாது, எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் இது.

அக்டோபரில் எழுதிய காற்றுக் குழாய் விஷயத்தை இங்கே சேர்த்துப் படியுங்கள். புயல் நெருங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் விழும், குழாயை அடைத்து வைத்தவர்களுக்கு அன்றைக்குப் பார்த்து எண் தப்பாக வரும்.

14 ஜனவரி 2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஃப்ளோட் மாட்டிவிட்டாராம், பக்கத்து வீட்டுச் சுவர் காய்ந்துவிட்டதாம், மைத்துனன் தனியாக ஏ02 வாங்கி மாட்டி அதுவும் ஓடுகிறதாம். போகி அன்று டேங்க் கழுவ ஆள் வந்து, மூடியைத் திருகித் திறந்ததில் வயர் முறுக்கி அறுந்துவிட்டதாம். இப்போது என்ன செய்வது என்கிறார்.

திருகு மூடியில் சென்சாரைப் பொருத்தினால் இதுதான் நடக்கும், சுற்றும்போது வயரும் சுற்றும். டேங்கின் தோளில் மூடிக்குப் பக்கத்திலேயே தட்டையான இடம் இருக்கும், அங்கே ஹோல்-சா போட்டு ஓட்டை எடுத்து, ரப்பர் வாஷரோடு நட்டு முடுக்குங்கள். கீழே தண்ணீர் விழும் குழாய்க்கு நேர் மேலே வராமலும், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியும் இருக்கட்டும். வயர் நடுவே நான்கு முனை ஏவியேஷன் கனெக்டர் ஒரு ஜோடி போடுங்கள். கழுவ ஆள் வரும் நாளில் கழற்றி வைத்துவிட்டு, அவர் போன பிறகு மாட்டிக்கொள்ளலாம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினால் அந்த ஆவி அடங்கும்வரை மூடியைத் திறந்தே வைத்துவிட்டு அப்புறம் மாட்டுங்கள், சென்சார் முகத்தைவிட கனெக்டர் முனைகள்தான் அதற்குச் சீக்கிரம் கறுக்கும்.